எடிசனும் ஒரு பீஸ் கம்பியும்

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை மாணவன்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்தபோது, வழக்கம்போல் பாதிப் பேர் கவிதை என்று கை தூக்கினார்கள். எனக்குக் கவிதை வராது. போன செமஸ்டரில் செமினாருக்காகப் படித்த சமாச்சாரம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் எழுதுகிறேன். காதல் கவிதையை எதிர்பார்த்து இந்தப் பக்கத்தைத் திருப்பியவர்கள் மன்னிக்க!

சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு விழுந்த தலைப்பு விசித்திரமானது. வீட்டிலேயே கட்டப்படும் சிறு விமானங்களில் ஃபியூஸ் போடுவது நல்லதா, சர்க்யூட் பிரேக்கர் போடுவது நல்லதா? சைக்கிள் பஞ்சர் ஒட்டுவதையே கடையில் கொடுத்துச் செய்கிறவன் நான். வீட்டில் விமானமா என்று திகைத்துவிட்டேன். ஆனால் அமெரிக்காவில் இது பெரிய பொழுதுபோக்கு. கார் ஷெட்டில் வைத்துச் சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களுக்கென்று 1953ல் பால் போபரெஸ்னி என்பவர் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சங்கமே தொடங்கினார். அவர்களுடைய திருவிழா 1970 முதல் ஆஷ்காஷ் என்ற ஊரில் நடக்கிறது. அவர்களுக்குள் ஓயாத சண்டை எதுவென்றால், இந்த ஃபியூஸ் - பிரேக்கர் சண்டைதான்.

சண்டையின் வேரைத் தேடிக்கொண்டே போனேன். போன இடம் ஒரு பெரியவர் வீட்டு வாசல். பெயர் தாமஸ் ஆல்வா எடிசன்.

எடிசன் கதையை நாலாம் வகுப்பிலேயே படித்துவிட்டோமே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பல்பு கதை வேறு. நான் சொல்லப்போவது பல்புக்கு முன்னால் ஒளிந்திருக்கும் கம்பியின் கதை. ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளியிலிருந்து வந்த கடிதத்தை அம்மா மாற்றிப் படித்துக் காட்டினார், பல வருஷம் கழித்துப் பையன் உண்மையைக் கண்டுபிடித்து அழுதான் என்று ஒரு கதை ஊரெல்லாம் உலாவுகிறதே, அதற்கு ஆதாரம் கிடையாது. பள்ளியில் ஆசிரியர் அவரை மண்டு என்று நினைத்ததும், அம்மா நான்சி கோபப்பட்டுப் பையனை வீட்டில் வைத்துத் தானே பாடம் சொல்லிக்கொடுத்ததும் நிஜம். அதுவே போதுமான கதைதான்.

பிறந்தது 1847 பிப்ரவரி 11, ஒஹாயோ மாநிலத்தின் மிலான் என்ற சின்ன ஊரில். வளர்ந்தது மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹூரனில். 12 வயதில் டெட்ராய்ட் போகிற ரயிலில் செய்தித்தாளும் மிட்டாயும் விற்கப் போய்விட்டார். நம்ம ஊர் ரயிலில் முறுக்கு விற்கும் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் என்னவென்றால், இந்தப் பையன் சாமான் பெட்டியின் ஒரு மூலையில் ரசாயனக் கூடம் ஒன்று வைத்திருந்தான்! ஒருநாள் வண்டி குலுங்கியதில் பாஸ்பரஸ் கீழே விழுந்து பெட்டி தீப்பிடித்தது. கண்டக்டர் தீயை அணைத்து, பையனையும் பாட்டில்களையும் அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிட்டார். எடிசன் வாழ்க்கையில் தீ வந்து எட்டிப் பார்த்தது அப்போது. அதற்குப் பிறகு அது அவரை விடவே இல்லை.

1862ல் மவுண்ட் கிளெமன்ஸ் ஸ்டேஷனில், உருண்டு வந்த ரயில் பெட்டியின் முன்னால் விளையாடிக்கொண்டிருந்த ஸ்டேஷன் மாஸ்டரின் குழந்தையைத் தூக்கிக் காப்பாற்றினார். நன்றிக் கடனாக அந்த மனிதர் அவருக்குத் தந்தி வேலை கற்றுக்கொடுத்தார். காது மந்தமான பையனுக்கு அந்த டக் டக் சத்தம் மட்டும் துல்லியமாகக் கேட்டது. ஊர் ஊராகத் தந்தி அடித்துக்கொண்டு அலைந்து, 1868ல் பாஸ்டன், 1869ல் நியூயார்க், பிறகு நியூவார்க்கில் சொந்தப் பட்டறை, 1876ல் நியூஜெர்சியின் மென்லோ பார்க் என்ற குக்கிராமத்தில் ஆய்வுக்கூடம். 1877ல் பேசும் இயந்திரமான ஃபோனோகிராஃப். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், ஓடிவிடுகிறேன்.

1879 அக்டோபரில் கரியாக்கிய பருத்தி நூலை வைத்து பல்பு எரிந்ததும் தெரியும். தெரியாதது, அந்த பல்பை அவர் எப்படி இணைத்தார் என்பது. அதற்கு முன்னால் தெருக்களில் இருந்த ஆர்க் விளக்குகள் எல்லாம் தொடர் இணைப்பு. ஒன்று போனால் வரிசையே போகும். எடிசன் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியாக ஏற்றி அணைக்க வேண்டும் என்றார். அதற்குப் பக்க இணைப்பு வேண்டும். பக்க இணைப்பில் கரண்ட் கூடும், கூடினால் தாமிரம் அதிகம் வேண்டும். அதனால் இழையின் மின்தடையை 100 ஓமுக்கு மேல் உயர்த்தி, கரண்டைக் குறைத்தார். நாம் முதலாம் ஆண்டிலேயே படிக்கிற ஓம் விதிதான்! அதை வைத்தே ஒரு ஊருக்கான கணக்கைப் போட்டார் மனிதர்.

இங்கிலாந்தில் அஞ்சல் துறையின் பெரிய இன்ஜினியர் வில்லியம் ப்ரீஸ், மின் விளக்கை இப்படிப் பங்கு போட்டுக் கொடுப்பது நடக்காத காரியம், வெறும் கொள்ளிவாய்ப் பிசாசு என்று 1879ல் கேலி செய்தார். அந்தப் பெயர் எங்கேயோ கேட்டமாதிரி இருக்கிறதா? அதே ப்ரீஸ்தான்! ஃபியூஸ் கம்பி எத்தனை ஆம்பியரில் உருகும் என்று நாம் போடும் ப்ரீஸ் விதிக்குச் சொந்தக்காரர். எடிசனைக் கேலி செய்தவர், 1880களில் எடிசனின் பீஸ் கம்பிக்குக் கணக்கு எழுதினார்.

பக்க இணைப்பில் ஒரு ஆபத்து இருக்கிறது. எங்கோ ஒரு வீட்டில் இரண்டு கம்பி ஒட்டிக்கொண்டால், மொத்த டைனமோவும் அந்த ஒரு இடத்தில் வந்து கொட்டும். கம்பி பழுக்கும். கம்பி ஓடுவது மரச் சுவர், துணித் திரை, காகித ஒட்டு நடுவில். மின்சாரத்தால் ஒரு வீடு எரிந்தால் போதும், கேஸ் கம்பெனிக்காரர்கள் ஊரைக் கூட்டிவிடுவார்கள். பல்பு எரிவதோடு வீடு எரியாமலும் இருந்தால்தான் வியாபாரம்.

அதற்காக எடிசன் செய்த வேலை எளிமையானது. 1880ல் காப்புரிமை வாங்கினார். நல்ல கம்பியின் நடுவே, வேண்டுமென்றே ஒரு மோசமான கம்பித் துண்டைச் சேர்த்தார். அளவு மீறினால் முதலில் சாவது அது. அதற்கு ஓர் உறையும் போட்டார், உருகிய சொட்டு கீழே விழுந்து தீ பற்றாமல் இருக்க. யோசனை முழுக்க அவருடையது என்று சொன்னால் தப்பு. தந்தி நிலையங்களை மின்னலிலிருந்து காக்க மெல்லிய கம்பியைச் சேர்க்கலாம் என்று பிரான்சில் ப்ரெகே என்பவர் 1847லேயே சொல்லியிருக்கிறார். எடிசன் பிறந்த அதே வருஷம்! தந்திக்கு இருந்ததை வீட்டுக்குள் கொண்டுவந்தது எடிசன்.

இதைவிட ஆச்சரியம், 1879லேயே ஒரு காப்புரிமை விண்ணப்பத்தில் சர்க்யூட் பிரேக்கர் மாதிரியான ஒன்றையும் அவர் விவரித்திருக்கிறார். ஆனாலும் ஊருக்குக் கரண்ட் கொடுத்தபோது அவர் போட்டது ஃபியூஸைத்தான். விலை மலிவு, அசையும் பாகம் எதுவும் கிடையாது, துருப்பிடித்து மாட்டிக்கொள்ளாது என்பதால் இருக்கும் என்று நான் நினைக்கிறேன். நம்ம ஆஷ்காஷ் சண்டையின் இரண்டு கட்சியும் அந்த ஒரே ஆள் மேஜையில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

பயம் சும்மா இல்லை. 1880களின் தொடக்கத்தில், கோடீஸ்வரர் வில்லியம் வாண்டர்பில்ட் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் கட்டிய மாளிகைக்கு எடிசன் ஆட்கள் வயரிங் செய்தார்கள். நிலவறையில் நீராவி இயந்திரம், டைனமோ. சுவரில் ஒட்டியிருந்த அலங்காரத் துணியில் ஜரிகை போல மெல்லிய உலோக இழைகள். வெள்ளோட்டத்தின்போது இரண்டு கம்பிகள் அந்த ஜரிகையில் பட, சுவரே சிவந்து கனிய ஆரம்பித்தது. எடிசன் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தது. கீழே ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார், கனல் அடங்கியது. அன்றைக்கு அந்த வீட்டைக் காப்பாற்றியது மனுஷக் கால்கள்தான். காலடியில் பாய்லர் இருப்பது அப்போதுதான் தெரிந்த திருமதி வாண்டர்பில்ட், இந்த வீட்டில் குடியிருக்க முடியாது என்று சொல்ல, எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போனார்கள். ஜே.பி. மார்கன் வீட்டிலும் இதே கதை. கம்பளத்துக்கு அடியில் போன கம்பியால் படிப்பறை மேஜை கருகியது. மார்கன் கொஞ்சம் திட மனசுக்காரர். கழற்றச் சொல்லவில்லை, ஒழுங்காகச் செய்யச் சொன்னார்.

இதைப் படித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. நான் முதலாம் ஆண்டு படிக்கும்போது, பொங்கலுக்கு முந்தின ராத்திரி, எங்கள் வீட்டில் கிரைண்டர் ஓட ஓட இரண்டு தடவை பீஸ் போனது. வீட்டில் டிப்ளமோ படிக்கிற பையன் இருக்கும்போது வயர்மேனை எதுக்குக் கூப்பிடணும்? பீஸ் கட்டையைப் பிடுங்கி, கையில் கிடைத்த 1/18 தாமிரக் கம்பியை முறுக்கிப் போட்டேன். அப்புறம் பீஸ் போகவே இல்லை. அம்மாவுக்கு ஒரே பெருமை. விடிகாலை மூன்று மணிக்கு ஏதோ கருகுகிற வாசனை. மர போர்டு புகைந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழேதான் எங்கள் ஆத்தா படுத்திருந்தார். அப்பா ஆத்தாவைப் பாயோடு இழுத்துப் போட்டுவிட்டு, ஓடிப்போய் மெயினை அணைத்தார். எங்கள் வீட்டிலும் அன்றைக்கு மனுஷக் கால்கள்தான். அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பெரியவர் கதைக்குத் திரும்புகிறேன். 1882 செப்டம்பர் 4. நியூயார்க் பேர்ல் தெருவில் எடிசனின் மின் நிலையம். ஜம்போ என்று யானைப் பெயர் வைத்த டைனமோ. தெருவுக்கு அடியில் குழாயில் போன கம்பிகள். மதியம் மூன்று மணிக்கு, வால் தெருவில் மார்கனின் அலுவலகத்தில் எடிசன் நின்றிருக்க, விளக்குகள் எரிந்தன. முதல் நாளில் சுமார் 400 விளக்குகள், 110 வோல்ட் நேர்மின்சாரம். இணைப்புக்கு இணைப்பு அந்த மோசமான கம்பி தன் வேலையைச் செய்தது. தொல்லைகளும் இருந்தன. தெருவில் ஓரிடத்தில் கசிவு ஏற்பட்டு, அவ்வழியே போன குதிரைகள் துள்ளியதாக எடிசனே பிற்காலத்தில் சிரித்துக்கொண்டு நினைவுகூர்ந்தார். ஆனால் கடை வீதி எரியவில்லை. 1890 ஜனவரியில் எரிந்தது அவருடைய பேர்ல் தெரு நிலையமேதான்!

அவருடைய திருகு மரை ஃபியூஸையும் ஜனங்கள் ஏமாற்றினார்கள். பல்பு மாட்டும் அதே மரை என்பதால் 15 ஆம்பியர் இடத்தில் 30 ஆம்பியரும் மாட்டலாம். அதுவும் இல்லாவிட்டால் போன ஃபியூஸுக்குப் பின்னால் ஒரு செப்புச் சல்லிக்காசை வைத்துத் திருகிவிடுவார்கள் அமெரிக்கக் குடும்பத் தலைவர்கள். என்னைப் போன்ற வீர இன்ஜினியர்கள் எல்லா தேசத்திலும் உண்டு என்று தெரிந்ததில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

அப்புறம் நடந்த மாறுமின்சாரச் சண்டையில் எடிசன் நடந்துகொண்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வெஸ்டிங்ஹவுஸின் மாறுமின்சாரம் ஆளைக் கொல்லும் என்று பயமுறுத்தினார். 1888ல் அவர் ஆய்வுக்கூடத்திலேயே நாய்களை வைத்து அதை நிரூபித்துக் காட்ட இடம் கொடுத்தார். பாதுகாப்பை உண்மையாக நினைத்தவர், அதையே வியாபாரக் கத்தியாகவும் எடுத்தார். சண்டையில் தோற்றார். 1892ல் ஜெனரல் எலெக்ட்ரிக் உருவானபோது அவர் பெயரே கம்பெனியிலிருந்து காணாமல் போனது. ஆனால் அவர் போட்டுவைத்த நேர்மின்சார வழக்கம் சாகவில்லை. நியூயார்க்கில் கடைசி நேர்மின் இணைப்பைத் துண்டித்தது 2007 நவம்பரில்!

விமானத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்தேன். இருக்கிறது. 1880களில் நியூயார்க் ஹெரால்டு பத்திரிகை முதலாளி பென்னட் பறக்கும் இயந்திரத்துக்காக 1000 டாலர் கொடுத்தார். எடிசன் தந்திக் காகிதச் சுருளை வெடிப்பஞ்சாக மாற்றி, அதை எஞ்சின் சிலிண்டருக்குள் செலுத்தி, மின்பொறியால் வெடிக்க வைத்தார். எஞ்சின் ஓடியது. கூடவே உதவியாளர் ஒருவருக்கு மோசமான தீக்காயம், எடிசனுக்குத் தலைமுடி கருகியது. அத்தோடு விட்டுவிட்டார். 1910ல் பறக்கும் இயந்திரத்துக்கு ஒரு காப்புரிமை மட்டும் வாங்கி வைத்தார், அது பறந்ததில்லை.

1914 டிசம்பர் 9. வெஸ்ட் ஆரஞ்சில் அவருடைய தொழிற்சாலை. ஃபிலிம் வைத்திருந்த கட்டிடத்தில் பிடித்த தீ பரவிப் பல கட்டிடங்களைத் தின்றது. தீப்பிடிக்காது என்று அவர் நம்பிக் கட்டிய கான்கிரீட் சுவர்கள் நின்றன, உள்ளே இருந்ததெல்லாம் போனது. அப்போது அவருக்கு வயது 67. மறுநாளே இடிபாடுகளை அகற்றும் வேலையைத் தொடங்கினார்.

சரி, செமினார் கேள்விக்கு வருகிறேன். 1924ல் ஜெர்மனியின் மான்ஹைமில் ஹூகோ ஸ்டோட்ஸ் என்பவர், நம்ம வீட்டு எம்.சி.பி.க்கு மூதாதையான சின்ன பிரேக்கருக்குக் காப்புரிமை வாங்கினார். மெதுவாக ஏறும் மிகைக்கு வெப்பத்தில் வளையும் பட்டை, ஷார்ட் சர்க்யூட்டுக்குக் காந்தச் சுருள். டிரிப் ஆனால் மறுபடி தள்ளிவிடலாம், கம்பி தேட வேண்டாம். விமானத்தில் இந்த மறுபடி தள்ளும் வசதிதான் சண்டைக்குக் காரணம்.

ஃபியூஸ் கட்சி சொல்வது இது. ஃபியூஸ் காப்பாற்றுவது ரேடியோவை இல்லை, ரேடியோவுக்குப் போகிற கம்பியை. விமான வயரிங்கில் 22ஆம் கேஜ் கம்பிக்கு 5 ஆம்பியர், 18க்கு 10 ஆம்பியர். அது போனால் கம்பி எங்கோ சுடுகிறது என்று அர்த்தம். கார் ஃபியூஸ் மாதிரியான தட்டை ஃபியூஸ் போதும், மலிவு, எடை குறைவு. பறக்கும்போது கையே எட்டாத இடத்தில் வை, ஒரு ஃபியூஸ் போனால் உயிர் போகும் என்கிற மாதிரி வயரிங்கே செய்யாதே. பிரேக்கர் கட்சி சொல்வதும் லேசில்லை. புகை வந்தால் அந்த ஒரு இணைப்பைக் கையால் இழுத்துத் துண்டிக்கலாம். இறக்கையைச் சமன் செய்யும் டிரிம் மோட்டார் நிற்காமல் ஓடினால் இழுக்கலாம். ஆல்டர்னேட்டர் வோல்டேஜ் எகிறினால் அதன் ஃபீல்டு பிரேக்கரை விழவைக்கலாம்.

இதைப் புத்தகச் சண்டையாக நினைத்துக்கொண்டிருந்தேன், 2007 ஜூலை 10ஆம் தேதி ஃப்ளோரிடாவின் சான்ஃபோர்டில் விழுந்த செஸ்னா 310 பற்றிப் படிக்கும் வரை. அது வீட்டில் கட்டியதல்ல, கம்பெனி விமானம். முந்தின நாள் ஓட்டியவர் கருகல் வாசனை வந்ததும் வானிலை ரேடாரின் பிரேக்கரை இழுத்துவிட்டு, எழுதியும் வைத்தார். பழுது பார்க்கவில்லை. மறுநாள் பிரேக்கர் மறுபடி உள்ளே தள்ளப்பட்டிருக்கலாம் என்பது விசாரணையின் கணிப்பு. புகை, பிறகு வீடுகள் மேல் விழுந்தது. விமானத்தில் 2 பேர், தரையில் 3 பேர் இறந்தார்கள்.

பிரேக்கரோ ஃபியூஸோ எல்லாத் தீயையும் பிடிப்பதும் இல்லை. 1998 செப்டம்பர் 2ஆம் தேதி கனடாக் கடற்கரையில் 229 பேருடன் விழுந்த ஸ்விஸ் ஏர் 111ல், விட்டு விட்டுப் பொறி பறந்த கம்பி, பிரேக்கர் உணரும் அளவுக்குக் கரண்ட் இழுக்கவில்லை. பற்றியது உலோகப் பூச்சுள்ள காப்புப் போர்வை. எனக்கு வாண்டர்பில்ட் வீட்டு ஜரிகைச் சுவர்தான் ஞாபகம் வந்தது.

என் முடிவு இதுதான் என்று செமினாரில் சொன்னேன். கம்பிக்குக் கம்பி ஃபியூஸ். ஆல்டர்னேட்டர் ஃபீல்டு, டிரிம், ஆட்டோ பைலட் மாதிரி ஓட்டுநர் கையால் இழுக்கவேண்டிய இரண்டு மூன்று இடத்தில் மட்டும் பிரேக்கர். விழுந்த பிரேக்கரைக் காரணம் தெரியாமல் வானத்தில் தள்ளக் கூடாது. வீட்டு எம்.சி.பி.யைக் கழற்றி விமானத்தில் மாட்டலாமா என்று கடைசி பெஞ்சிலிருந்து கேட்டார்கள். கூடாது. மாறுமின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானே அணையும். விமானத்தில் இருப்பது எடிசனின் நேர்மின்சாரம், அதில் பொறி அவ்வளவு சுலபமாக அணையாது.

எடிசன் 1931 அக்டோபர் 18 அன்று வெஸ்ட் ஆரஞ்சில் 84 வயதில் இறந்தார். 1093 அமெரிக்கக் காப்புரிமைகள் அவர் பெயரில். அவருக்கு அஞ்சலியாக நாடு முழுவதும் மின்சாரத்தையே நிறுத்தலாமா என்று யோசித்தார்கள். ஆஸ்பத்திரிகளும் மற்றதும் நின்றுபோகும், ஒரு நிமிஷம்கூட முடியாது என்று தெரிந்தது. 21ஆம் தேதி இரவு விளக்குகளை மட்டும் ஒரு நிமிஷம் குறைத்தார்கள்.

செமினார் முடிந்ததும் எங்கள் துறைத் தலைவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். 1/18 தாமிரக் கம்பியை பீஸ் கட்டையில் போட்டால் எத்தனை ஆம்பியரில் உருகும்? கரும்பலகையில் ப்ரீஸ் விதியை எழுதினேன். 35 எஸ்.டபிள்யூ.ஜி. பீஸ் கம்பிக்கு விட்டம் 0.213 மில்லிமீட்டர், சுமார் 8 ஆம்பியர். 1/18க்கு விட்டம் 1.22, பெருக்கிப் பார்த்தால் 107 ஆம்பியருக்கு மேல். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆத்தா இப்போதும் அதே இடத்தில்தான் பாய் விரிக்கிறார்.